பத்து விரல் நேரம்

அக்கா ஒரு கேள்வி கேட்டால் உடனே விரல் மடக்கத் தொடங்கிவிடுவாள். பத்தும் மடங்கும்வரை வாய் திறக்கமாட்டாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாலும் அப்படித்தான்.

எக்ஸ்பிரஸுக்கு முதலில் இது புரியவில்லை. பேச்சு வேகத்தால் கிடைத்த பட்டப்பெயர் அது. அவள் பொதுக் கல்வி ஆசிரியர் பயிற்சி மாணவி. அக்கா வேறு ஊரில் சிறப்புக் கல்வி படித்தாள். ஆன்லைனில் சேர்ந்து ஒரே பாடத்தைத் தயாரிக்க இருவரையும் ஜோடி சேர்த்திருந்தார்கள்.

"அக்கா, நெட் போயிடுச்சா? சிலையாட்டம் இருக்கீங்க!"

"நெட்டு நல்லாத்தான்டி இருக்கு. உன் வாய்க்குத்தான் பிரேக் இல்ல. நீ யோசிக்கட்டும்னு காத்திருக்கேன்."

பாடத்திட்டத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அக்கா இரண்டு வரி காலியாக விட்டிருந்தாள். தட்டச்சுப் பிழை என்று நினைத்து, உபகாரம் செய்வதுபோல் எக்ஸ்பிரஸ் அத்தனையையும் அழித்துவிட்டாள்.

தேர்வுக்காகப் பாடம் நடத்திக் காட்டும் வகுப்பு எக்ஸ்பிரஸின் பயிற்சிப் பள்ளியில். மேசை மேல் லேப்டாப், அதில் அக்கா, பின்பெஞ்சில் மேற்பார்வையாளர். தோற்றால் இருவருக்கும் இன்னும் அரை வருஷம் படிப்பு. எக்ஸ்பிரஸ் வீட்டில் முதல் பட்டதாரி. அம்மா அதற்குள் தெரு முழுக்க 'எங்க டீச்சர்' என்று சொல்லி முடித்தாயிற்று.

"விதை முளைக்க என்ன வேணும்?"

"தண்ணி!" "வெயில்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். எக்ஸ்பிரஸ் அடுத்த கேள்விக்குத் தாவப் போனாள். திரையில் அக்கா இரண்டு கைகளையும் கேமரா முன் தூக்கினாள். ஒரு விரல் மடங்கியது. இன்னொன்று. அந்தக் காலி வரிகள் எதற்கென்று அப்போதுதான் எக்ஸ்பிரஸுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் பெஞ்சில், பேச நேரம் எடுக்கும் சிறுமி ஒருத்தியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எட்டாவது விரலில் சத்தம் வந்தது.

"இ... இடம்."

வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணி அடித்துவிட்டது.

"மீதிய அடுத்த வாரம் நானே நேர்ல வந்து கேக்கறேன் கண்ணு," என்றாள் அக்கா திரையிலிருந்து.

'நேரம் வீணானது' என்று ஒரு மதிப்பெண்ணைக் குறைத்து மேற்பார்வையாளர் பாஸ் போட்டார். மறுவாரம் அக்காவுக்குப் பயிற்சிப் பள்ளி எங்கோ ஒரு மூலையில் விழுந்தது; சொன்னபடி வர முடியவில்லை. அவள் வருவதற்குள் சிறுமியின் குடும்பம் வீடு மாறிப் போயிருந்தது.

போன மாதம் வீடியோ காலில் எக்ஸ்பிரஸ் கேட்டாள்: "அந்தப் பொண்ணு மீதி என்ன சொல்லியிருப்பாக்கா?"

கேட்டுவிட்டு விரல் மடக்கினாள். பத்தும் மடங்கின. அக்கா பேசவில்லை. நெட் நன்றாகத்தான் இருந்தது.