விஷமில்லாத நீலத்தைக் குடித்தவள்

மாடி வீட்டு மருமகள் ஆய்வகத்தில் நீலத் திரவம் ஒன்றைக் கண்டுபிடித்து, அது விஷமில்லை என்று நிரூபிக்க, பெரிய மனிதர்கள் முன்னிலையில் ஒரு டம்ளர் மடக் மடக்கென்று குடித்தாளாம். விளக்கை அணைத்தால் இப்போது அவள் நாக்கு ஒளிர்கிறதாம். இது கீழ் வீட்டுத் தையல்காரர் சொன்னது. அவருக்குச் சொன்னவர் இஸ்திரிக்காரர். இஸ்திரிக்காரருக்குச் சொன்னவர் சாட்சாத் அவளுடைய மாமியார்.

செய்தியை அதன் பிறந்த வீடுவரை துரத்திக்கொண்டு போனால் கிடைப்பது இவ்வளவுதான். "விஷமில்லாத நீலம், விஷமில்லாத நீலம்ங்கிறியே, அப்ப குடிக்கலாமா?" என்று மாமியார் கேட்டிருக்கிறார். ஆய்வகத்தில் பத்து மணிநேரம் நின்றுவிட்டு வந்த மருமகள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "குடிச்சுப் பாத்தாத்தான் அத்தை தெரியும்" என்றிருக்கிறாள். மற்றதெல்லாம் இஸ்திரி போட்டபோது விழுந்த மடிப்பு.

அவள் குடிக்கவில்லை. குழம்பிப் போயிருந்தாள், அவ்வளவுதான்.

ஐந்து வருடமாக அவள் செய்வது டிவி, செல்போன் திரைகளுக்கான குவாண்டம் புள்ளிகள். கண்ணுக்கு அகப்படாத மணிகள். மணி பெரிதானால் சிவப்பாக ஒளிரும், குறைந்தால் பச்சை, இன்னும் குறைந்தால் நீலம். சிவப்பும் பச்சையும் சொன்ன பேச்சைக் கேட்கும்; நீலம் வீட்டின் கடைக்குட்டி. முன்பெல்லாம் காட்மியம் போட்டுச் செய்தார்கள். அது விஷம் என்பதால் இப்போது துத்தநாகமும் செலினியமும், ஒரு கிள்ளு டெல்லூரியமும். "விஷமில்லாத" என்றால் ஆய்வகத்தில் "காட்மியம் இல்லாத" என்று மட்டுமே பொருள். மற்றக் குப்பிகளில் மண்டை ஓட்டுப் படம் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும். இதை அத்தைக்கு விளக்க அவளுக்கு இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்க்கவில்லை.

போன மாதம் புற ஊதா விளக்கடியில் அவள் குடுவை அப்படியொரு நீலத்தைக் காட்டியது. பேராசிரியர் குதிக்காத குறை. மொத்த ஒளியை அளந்து, ஒளிர்திறன் நூற்றுக்கு எழுபத்திரண்டு என்று திரைக் கம்பெனிக்கு எழுதியும் விட்டார். கம்பெனி எழுபது கேட்டிருந்தது. வியாழக்கிழமை ஆள் வருவதாகச் சொன்னது. ஒப்பந்தம் கையெழுத்தானால் அவள் வேலை நீளும். இல்லையென்றால் இந்த மாதக் கடைசியோடு சரி.

திங்கட்கிழமை புது அடுப்பைச் சோதிக்க, மணிகளைக் காய்ச்சும் எண்ணெயை மட்டும், உலோகம் எதுவும் போடாமல், முந்நூறு டிகிரிக்கு ஏற்றினாள். ஆறியதும் சும்மா இருக்காமல் விளக்கைக் காட்டினாள். நீலம்! ஆளே ஏறாத பேருந்தில் யாரோ டிக்கெட் கேட்டது போல இருந்தது அவளுக்கு.

அப்படியானால் போன மாதத்து நீலம் யாருடையது? மணியுடையதா, தீய்ந்த எண்ணெயுடையதா?

போன மாதத்துக் குடுவையில் எரிசாராயம் ஊற்றிக் குலுக்கி, வேகமாகச் சுற்றும் சுழற்றியில் போட்டாள். மணிகள் அடியில் படியும், எண்ணெய் மேலே நிற்கும், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று கணக்கு. விளக்கைக் காட்டினால் மேலேயும் நீலம், அடியிலும் நீலம். கண்ணால் பார்த்து ஆகாது. ஒளியைப் பிரித்து வரைந்து காட்டும் இயந்திரம் வேண்டும். அது பக்கத்து ஆய்வகத்தில். அதைக் காவல் காத்து அளந்து தருபவரை எல்லோரும் 'கெடுபிடி' என்பார்கள், அவர் முதுகுக்குப் பின்னால்.

"வரிசைல பதினெட்டுப் பேர் இருக்காங்கம்மா. உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?"

"வியாழக்கிழமைக்குள்ள தெரியலன்னா எனக்கு வேலையே இல்லண்ணா."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சாலும் இருக்காதுன்னுதான் தோணுது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "விசித்திரமான பொம்பளையா இருக்கீங்களே. சரி, கொண்டாங்க. ஆனா ஒரு நிபந்தனை. கட்டுரை எழுதும்போது கடைசிப் பக்கத்துல நன்றின்னு ஒரு வரி போடுவாங்கல்ல, அதுல என் பேரு வரணும். பதினாலு வருஷமா அளந்து குடுக்குறேன், ஒருத்தரும் போட்டதில்ல."

"கண்டிப்பாண்ணா."

திரையில் அகலமான ஒரு குன்று, அதன் மேல் ஒல்லியாக ஓர் ஊசி. குன்று எண்ணெயுடையது, ஊசி மணியுடையது. எரிசாராயத்தில் மூன்று முறை கழுவியதும் குன்று கரைந்தது. ஊசி மட்டும் நின்றது. ஒளிர்திறன் முப்பத்தொன்று.

பேராசிரியர் தாளை இரண்டு தடவை பார்த்தார். "கழுவாம இருந்தா எழுபத்திரண்டுதானே?"

"கழுவலன்னா தீஞ்ச எண்ணெயச் சேத்து விக்கிறோம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினார். எண் மாறவில்லை. "நீயே அவங்ககிட்ட சொல்லிடு" என்றார்.

வியாழக்கிழமை வந்த கம்பெனிக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவளை மேலும் குழப்பினார்.

"அந்த எண்ணெய்ல காட்மியம் இருக்கா?"

"இல்ல சார்."

"நீலமா இருக்கா?"

"இருக்கு சார்."

"மணியவிட செலவு கம்மியா?"

"ரொம்பக் கம்மி சார்."

"அப்ப உங்களுக்கு என்னதான்மா பிரச்சினை?"

அவளுக்கே ஒரு கணம் என்ன பிரச்சினை என்று மறந்துவிட்டது. திங்கட்கிழமை ஜன்னலோரம் வெயிலில் வைத்த எண்ணெய்க் குப்பியைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. "எண்ணெய் மூணே நாள்ல மங்கிடுச்சு சார். பக்கத்துல இருக்கிற முப்பத்தொண்ணு அப்படியே இருக்கு."

கம்பெனிக்காரர் இரண்டு குப்பிகளையும் மாறி மாறி விளக்கில் காட்டினார். பேராசிரியரைத் தனியே அழைத்துப் போனார். திரும்பி வந்த பேராசிரியர், "ஆறு மாசம் நீட்டியிருக்காங்க. முப்பத்தொண்ண எழுபதாக்கணுமாம்" என்றார். இது பரிசா தண்டனையா என்று அவருக்கும் தெரியவில்லை. கட்டுரையை மட்டும் முப்பத்தொன்றோடு உடனே அனுப்பிவிடச் சொன்னார்.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தாள். கடைசிப் பக்கம்வரை ஓடியது. 'அளந்து தந்த திரு.' என்பதோடு கை நின்றது. ஐந்து வருடமாக அவரை அண்ணா என்றே கூப்பிட்டாகிவிட்டது. இப்போது போய் உங்கள் பெயர் என்ன என்று கேட்டால் மனிதர் என்ன நினைப்பார்? பேராசிரியரைக் கேட்டாள். அவருக்கும் கெடுபிடிதான் தெரியும்.

நேற்று தாழ்வாரத்தில் அவர் எதிரே வந்து, "என்னம்மா, போட்டாச்சா?" என்றார்.

"போட்டுக்கிட்டே இருக்கேண்ணா" என்றாள் அவள். கட்டுரை இன்னும் போகவில்லை. 'திரு.' பக்கத்தில் இடம் காலியாகவே இருக்கிறது.