தையல் மிஷின் இருந்த மூலை

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். அச்சகத்து மிஷின் இரைச்சலிலேயே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்றபின் நாங்கள் பேசுவது பாதி புரியாமல் சிரித்துச் சமாளித்தார். அதுவும் அலுத்துப்போய், டி.வி. போட்டாலே பின்னறைக்கு நழுவ ஆரம்பித்தார். ஒரே வீட்டில் மனுஷன் விருந்தாளி மாதிரி நடந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

மகளுக்கு வீடு வீடாக ஸ்பீக்கர் பொருத்தும் வேலை. அப்பாவுக்குக் கீச்சுக் குரல்தான் எட்டாது, கனத்த சத்தம் எட்டும் என்றாள். கீச்சுக் குரல் என்று யாரைச் சொல்கிறாளாம்! அப்பாவை மறுபடி கூடத்தில் உட்காரவைத்தே தீருவது என்று கனத்த சத்தத்துக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து டி.வி. பக்கத்தில் வைத்தாள். அடுக்களையில் தட்டெல்லாம் அதிர்ந்தது. அவர் நாற்காலியில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

மகள் விடவில்லை. பெட்டியை அவர் நாற்காலியிலேயே தூக்கி வைத்து ஓடவிட்டாள். அவர் சுவரோரமாகத் தவழ வேண்டுமாம். எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், நாற்காலியிலும் அப்படியே கேட்குமாம். இந்த வயதில் தவழ்வதா என்று முறைத்தார். முட்டிக்குத் தலையணை கொடுத்தேன். முனகிக்கொண்டே சோபாவைத் தாண்டி, அலமாரியைத் தாண்டிப் போனவர், ஒரு மூலையில் நின்று தரையில் உள்ளங்கையை வைத்தார்.

"இங்கதான். நல்லா கேக்குது."

அது என் தையல் மிஷின் இருக்கும் மூலை. ஜன்னல் வெளிச்சம் விழும் ஒரே இடம். வேறு மூலையே கிடைக்கவில்லையா என்று வாய்வரை வந்தது. அவர் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

மகள் பெட்டியை அங்கே மாற்றி, பின்னாலிருந்த குமிழைத் திருகினாள். தட்டுகள் அடங்கும்வரை குறைத்து, அவர் தலையாட்டும்வரை கொஞ்சம் கூட்டினாள். அன்று பார்த்த படத்தில் இடி இடித்தது. மனுஷன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்ததில் அவரும் சேர்ந்துகொண்டார்.

மிஷினுக்கு வேறு இடமில்லாமல் அவர் நாற்காலியை ஒட்டிப் போட்டோம். மறுநாள் விளக்கைப் போட்டுக்கொண்டு தைத்தேன். அவர் பேப்பரில் மூழ்கியிருந்தார். நடுவில் நூல் அறுந்தது, மிதிப்பதை நிறுத்தினேன்.

பேப்பரை இறக்காமலே கேட்டார்: "ஏன் நிறுத்திட்ட? நூல் அறுந்துடுச்சா?"

நான் தைப்பது அவருக்குக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! சந்தோஷத்தில் கண் நிறைந்து, ஊசிக் காது தெரியவில்லை. தடவிக்கொண்டிருந்தேன்.

"சீக்கிரம் நூலைக் கோத்துடும்மா," என்றார். "சத்தமே இல்லாம ஒரு மாதிரி இருக்கு."