பேர் போடாத கேஸ்

எங்கள் பக்கத்து மனநல ஆலோசகர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. காலையில் பூப்படத்தோடு வணக்கம், மதியம் யாராவது வாங்கிய சான்றிதழுக்கு வாழ்த்து, இடையில் எப்போதாவது தொழில். விதி ஒன்றே ஒன்றுதான்: ஆலோசனைக்கு வருகிறவரின் பெயரைப் போடக்கூடாது. அந்த விதியை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவோம்.

புதிதாக ஆலோசனை அறை திறந்த ஒரு தம்பி அதில் ஒரு கேஸைப் போட்டு யோசனை கேட்டார். பெயர் இல்லை. தருவைகுளம், சங்கு குளிப்பவர், மூன்றும் பெண் பிள்ளைகள், அண்ணன் கப்பலில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பாடுகிறவர். தண்ணீருக்குள் இறங்கினால் இப்போது மூச்சு முட்டுகிறதாம், வள்ளத்தில் யாரிடமும் சொல்லவில்லையாம், தானே சொல்லி கொஞ்ச நாள் கரையில் வேலை கேட்கத் தைரியம் வேண்டுமாம். கதவு எண்தான் பாக்கி. நான் இங்கே ஊரையும் தொழிலையும் மாற்றித்தான் எழுதுகிறேன். தேடிப் போகிறவர்கள் வெயிலில் அலைய வேண்டியதுதான்.

எங்கள் கடற்கரையில் யார் பெயரைச் சொல்லி வீடு விசாரிக்கிறார்கள்? ஒரே புனிதர் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கப்பல்காரர் தம்பி, மூணு பொம்பளப்பிள்ளைக்காரர் என்றால்தான் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போட்டிருந்தால், பாவம், மனிதர் தப்பித்திருப்பார்.

தம்பிக்குப் போன் செய்து அழித்துவிடச் சொன்னேன். “பேரு போடலையே அக்கா” என்றார். குரூப்பிலேயே சொல்லிப் பார்த்தேன். அறிவுப் பகிர்வுக்குக் குறுக்கே நிற்காதீர்கள் என்று மூத்தவர் ஒருவர் கைகூப்பும் பொம்மையோடு எனக்குப் பாடம் எடுத்தார். அவருக்கு வரிசையாகக் கட்டைவிரல்கள் எழுந்தன. அன்று முழுவதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

எங்கள் உறுப்பினர் ஒருவர் அதைத் தன் கணவரிடம் காட்டியிருக்கிறார், படிக்கச் சுவாரசியமாக இருந்ததே என்று. கணவருக்கு அந்த வள்ளத்து முதலாளி பழக்கம். கடலுக்கடியில் ஒருவன் தடுமாறினால், கூட இறங்கியவனுக்கும் ஆபத்து. வள்ளத்தில் அந்தச் சங்கு குளிப்பவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், காரணத்தை ஊருக்கே சொல்லிவிட்டு.

கொஞ்ச நாளில் தம்பி மறுபடி குரூப்புக்கு வந்தார். கிளையண்ட் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார், என்ன காரணமாக இருக்கும் என்று கேட்டார். ஆழ்மனத் தடை என்றார் ஒருவர். சிறுவயதில் தகப்பனாரோடு சிக்கல் இருந்திருக்கும் என்றார் மூத்தவர். காரணம் நாம்தான் என்று எழுதினேன். அதற்குக் கட்டைவிரல் எதுவும் எழவில்லை.

பிறகொரு நாள் மில்லர்புரத்திலிருக்கும் என் அறைக்கு ஒரு பெண் தன் கணவரை அழைத்துக்கொண்டு வந்தார். வள்ளத்தில் நடந்ததை அந்தப் பெண்தான் சொன்னார். ராத்திரியில் இவர் தூங்குவதே இல்லை, எங்களுக்குப் பயமாக இருக்கிறது என்றார். கணவர் உட்காரவில்லை. கதவருகே நின்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“நீங்களும் அந்த குரூப்புல இருக்கியளா?”

இருக்கிறேன் என்றேன். அழிக்கச் சொல்லிச் சண்டை போட்டதையும் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

“அப்போ நான் புதுசா சொல்லுததுக்கு என்ன இருக்கு” என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.