பேப்பர் இன்னும் கொஞ்சம் ஓடட்டும், முருகா

என் கணவரின் நெஞ்சு நிற்க வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டவள் நான். அடியார்களே, கோபித்துக்கொள்ளாமல் முழுதும் கேளுங்கள்.

கிள்ளானில் ஒரு கிளினிக்கில் இருபத்தெட்டு வருடமாக இசிஜி எடுக்கிறேன். என் கணவர் மணியத்தை முதன்முதலில் பார்த்ததே அங்கேதான். லோரி லைசென்சுக்காக மெடிக்கல் செக்கப் செய்ய பண்டமாரானிலிருந்து வந்திருந்தார். அப்போதெல்லாம் ரப்பர் பந்தை அமுக்கி நெஞ்சில் ஒட்டவைக்க வேண்டும். அவர் நெஞ்சு முடியில் ஒன்றும் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது.

"மிஸ், உங்க மெஷினுக்கு என்னைப் பிடிக்கல போல," என்றார்.

அவருடைய இசிஜி தாள் இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு சின்ன மேட்டுக்குப் பின்னாலும் ஓர் உயரமான முனை. சின்ன மேடு என்பது இதயத்தின் மேலறை கொடுக்கும் உத்தரவு. உயர முனை என்பது கீழறை அதற்குப் பணிந்து துடிப்பது. ஒன்றுகூடத் தவறாத அழகான தாள். என்ன இனிமையான நாட்கள் அவை!

கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் பஜனைக்குப் போவோம். அவர் உறுமி அடிப்பார். திரும்பும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, தைப்பூச விரத நாட்களில், உறுமி அடித்துக்கொண்டிருந்தவர் கண் சொருகிச் சாய்ந்தார். "வேல் வேல்!" என்று கூட்டம் குரல் எழுப்பியது. அருள் வந்துவிட்டது என்றார்கள். விபூதி பூசினார்கள். நானும் காலில் விழுந்து, மகளுக்கு எப்போது கல்யாணமாகும் என்று வாக்குக் கேட்டேன். தினமும் முப்பது பேருக்கு இசிஜி எடுக்கிறவள், ஒரு விநாடிகூட அவர் நாடியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுவாரம் வீட்டில், தோசையைப் பிய்த்த கையோடு நாற்காலியிலிருந்து சரிந்தார். உறுமியும் இல்லை, பஜனையும் இல்லை. பதறிப்போய் நாடியைப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. நான் அலறுவதற்குள் மெல்லத் திரும்பி வந்தது.

உடனே எடுத்த இசிஜியில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க நெஞ்சில் மெஷினைக் கட்டிப் பார்த்ததிலும் ஒன்றுமில்லை. எங்கள் கிளினிக் டாக்டர் நளினிக்கும் இதயத்தில்தான் கோளாறு என்று சந்தேகம். ஆனால் தாளில் வராததை வைத்து என்ன செய்வது? இவரோ ஒரே பிடியாக நின்றார். "ரிப்போர்ட் ஓகேதானே லா? விரதத்துல வர்ற மயக்கம். திங்கக்கிழமை லோரி எடுக்கறேன்."

கண்டெய்னர் லோரி அது. ஹைவேயில் கண் சொருகினால் அவர் மட்டுமா போவார்? அழுதேன், சண்டை போட்டேன், எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், "இன்னும் ஒரே ஒரு தடவை படுங்க, அப்புறம் உங்க இஷ்டம்," என்று சனிக்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

வழக்கமாகப் பத்து விநாடியில் தாள் முடிந்துவிடும். அன்று நான் மெஷினை நிறுத்தவே இல்லை. தாள் கீழே வந்து என் காலைச் சுற்றியது. "முருகா, நிற்கத்தான் போகிறது என்றால் இங்கே நிற்கட்டும். நான் பார்க்கும்போது நிற்கட்டும்." இதுதான் என் வேண்டுதல்.

"போதும்க்கா, ரோல் முடியப் போகுது," என்றார் டாக்டர்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும் டாக்டர்."

"அந்தக் காலத்துலயும் இவ இப்படித்தான் டாக்டர், என்னை எழும்பவே விட..." என்றவர் பாதியில் நிறுத்தினார்.

தாளைப் பார்த்தேன். சின்ன மேடுகள் தம் பாட்டுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பின்னால் ஒரு முனையும் இல்லை. மேலறை உத்தரவு கொடுக்கிறது, கீழறைக்கு அது போய்ச் சேரவில்லை. டாக்டர் பாய்ந்து வந்து நெஞ்சில் கை வைத்தார். அதற்குள் ஒரு முனை வந்தது. பிறகு இன்னொன்று.

கண் திறந்தவர் என்னைப் பார்த்தார். "என்னம்மா, மறுபடி எனக்குச் சாமி வந்துச்சா?"

"வந்துச்சுங்க," என்றேன்.

அந்தத் தாளோடு அன்றே ஆம்புலன்சில் கோலாலம்பூருக்குப் போனோம். பேஸ்மேக்கர் வைத்தார்கள். லோரிச் சாவியை அவரே முதலாளியிடம் கொடுத்துவிட்டார். இப்போது தைப்பூசத்துக்கு அவர் காவடி எடுப்பதில்லை, பால்குடம்தான். வெள்ளிக்கிழமை ரயிலில் இன்றும் என் தோளில்தான் தூங்குகிறார். நான் மட்டும் தூங்காமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அந்தத் தாள் எங்கள் சாமி மேடையில் இருக்கிறது. கோடுகள் வெளுத்து, இப்போது பாதிதான் தெரிகிறது. போகட்டும், எனக்கு மனப்பாடம்.

கேட்கவே பயமாக இருப்பதையும் அவனிடம் கேளுங்கள், அடியார்களே. அவன் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான். பஜனையில் யாராவது சாய்ந்தால் தாராளமாக விபூதி பூசுங்கள். அதற்கு முன்னால் நாடியைப் பிடித்துப் பாருங்கள்.