ரெனாட்டோவுக்குப் போர்த்திய பொன்னாடை

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் எங்கள் சமையலறை அலமாரியில் கவிழ்த்து அடுக்கியிருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் தாமாகவே மெல்லக் கிணுகிணுக்கும், தரை வழியாக ஒரு குரல் பாதத்தில் ஏறும், அதற்குப் பிறகுதான் காதுக்கு வரும். தொண்ணூறுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் எடிசனுக்குப் பக்கத்தில், மேலே ஒரு குடும்பம் கீழே ஒரு குடும்பம் என்று கட்டப்பட்ட பழைய மரவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே ரெனாட்டோ அங்கிள் தனியாக இருந்தார். "பாகவதர் எந்திரிச்சாச்சு, நீ இன்னும் ஷூ மாட்டல" என்று அம்மா என்னை விரட்டுவாள். அவர் இத்தாலிக்காரர், ஆபெரா என்கிற இசைநாடகப் பாடகர், ஆண்குரலில் உச்சத்துக்குப் போகிற டெனர். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த என் அம்மாவுக்கு மேடையில் நின்று தொண்டை திறந்து பாடுகிற எவரும் "பாகவதர்"தான்.

அவருடைய கதையை அவரே அம்மாவிடம் தவணை முறையில் சொல்லியிருக்கிறார். அம்மா மீன் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு கீழே போவாள், காலிக் கிண்ணத்தோடு ஒரு ஊர் பெயரையும் கொண்டு வருவாள். இருபது வயதில் ஒரு நாடகக் கம்பெனியோடு கப்பலேறி தென்னமெரிக்கா போனவர் அவர். கம்பெனியின் பெரிய பாடகருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, இறங்கிய ஊரெல்லாம் காய்ச்சல், அதனால் துறைமுக ஊர்களிலும் காப்பித் தோட்ட ஊர்களிலும் அந்த ராஜா வேஷத்தையும் காதலன் வேஷத்தையும் கட்டிப் பாடியது ரெனாட்டோ. ஆனால் சுவரொட்டி முன்பே அச்சடித்தாயிற்று. மறுபடி அச்சடிக்க முதலாளிக்கு மனமில்லை. சனங்கள் எழுந்து நின்று கைதட்டியபோது கூவிய பெயர், படுக்கையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த இன்னொருவருடையது. பிறகு ஏதோ ஒரு துறைமுகத்தில் முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, கம்பெனி கலைந்தது. இவர் நியூ ஜெர்சியில் ரொட்டிக்கடை வைத்திருந்த உறவினரிடம் வந்து சேர்ந்து, பகலில் மாவு பிசைந்து, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடி, அப்படியே வயதானார். ஒரு முறையாவது தன் சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்து, நிறைந்த சபைக்கு முன் பாட வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை. அதை அவர் புலம்பலாகச் சொல்லவில்லை, வரவேண்டிய பார்சல் இன்னும் வரவில்லை என்பதுபோலச் சொன்னார்.

நாங்களும் அதே கோயிலுக்குத்தான் போவோம். அந்த வருஷம் பாடகர் குழுவுக்குப் புதிதாக ஒரு பெண்மணி பொறுப்பேற்றார், கிட்டாரும் மெல்லிய குரல்களும் வந்தன, ரெனாட்டோவின் குரல் பூசைக்குப் பெரிதாக இருக்கிறது என்று சொல்லி அவரை மரியாதையாக இருக்கைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே உட்கார்ந்தும், எழுந்து நின்றும், இருந்த இடத்திலிருந்தே பாடினார். குழு அவருக்குப் பின்னால் ஓடி வர வேண்டியதாயிற்று. மறு வாரம் பங்குச் சாமியாரே வந்து பேசிய பிறகு வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா கொதித்தாள். "இத்தனை வருசமா சாமியே ஒண்ணும் சொல்லல, நேத்து வந்தவளுக்குக் காது வலிக்காம்! இருக்கட்டும். இவருக்கு ஒரு மேடை நான் புடிக்கேன்." அப்பா ஃப்ரீவேயில் லேன் மாற்றுவதில் கவனமாக இருந்தார். அவர் அப்படித்தான், அம்மா ஒன்று முடிவெடுத்தால் அப்பா வண்டி ஓட்டுவார்.

அம்மா பிடித்த மேடை, எங்கள் வட்டாரத் தமிழர்கள் நடத்தும் பொங்கல் விழா. பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தை வாடகைக்கு எடுத்து, குழந்தைகள் நடனம், குறள் ஒப்பித்தல், ஒரு நாடகம், பட்டிமன்றம், கடைசியில் சாப்பாடு என்று நடக்கும். கமிட்டித் தலைவர் துரைராஜ் அங்கிள் கோயம்புத்தூர்க்காரர், மரியாதை குறையாமல் மறுக்கத் தெரிந்தவர். "ஏனுங்க சிஸ்டர், பொங்கலுக்கும் இட்டாலியனுக்கும் என்னங்க சம்பந்தம்? ப்ரோக்ராம்ல ஸ்லாட்டே இல்லீங்க" என்றார். "அண்ணே, போன வருசம் ஒரு பிள்ள கராத்தே பண்ணுச்சே, அது எந்தப் பொங்கல்ல சேத்தி?" என்று அம்மா கேட்டாள். கராத்தே பண்ணியது அவருடைய மகன். ஒரே ஒரு பாட்டு என்று ஸ்லாட் கிடைத்தது.

விழா அன்று எல்லாம் வழக்கம்போலத் தாமதமாயிற்று. பட்டிமன்றத்தில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் அலுமினியத் தட்டுகளில் சாம்பாரும் வெண்பொங்கலும் வந்து இறங்கிய வாசனை அடித்ததும் சபையில் பாதிப்பேர் எழுந்து கோட்டைத் தேட ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான் ரெனாட்டோவின் முறை. கறுப்புக் கோட்டில், தலைமுடியைப் படிய வாரி, திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அறிவிப்பாளர் பையன் "நெக்ஸ்ட், ஒரு ஸ்பெஷல் ஐட்டம்" என்று தொடங்கியதும் அம்மா மேடையேறி மைக்கை வாங்கிக்கொண்டாள். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை வீட்டாரை அழைப்பதைப்போல, அவருடைய ஊரைச் சொல்லி, அவர் அப்பா பெயரைச் சொல்லி, அவர் பெயரைச் சொல்லி, "உக்காருங்க எல்லாரும், சோறு எங்கயும் ஓடிராது" என்றும் சொல்லி இறங்கினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று அப்போது தெரியவில்லை, இப்போது தெரியும்.

அவர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு வாயைத் திறந்தார். கோட்டின் ஒரு கையை மாட்டியவர்கள் மறு கையை மாட்டாமல் நின்றார்கள். குரலில் கிழிசல் இருந்தது, உச்சத்தில் கொஞ்சம் நடுங்கியது, நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசி வரிசைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள், அவர் குனிந்து வணங்கினார், இறங்கவில்லை. இரண்டாவது பாட்டைத் தொடங்கினார்.

நம் மேடை வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சாளர் நிறுத்தாவிட்டால் முதலில் துண்டுச்சீட்டு போகும். துரைராஜ் அங்கிள் பழக்கதோஷத்தில் அதைத் தமிழிலேயே எழுதி அனுப்பினார். ரெனாட்டோ பாடிக்கொண்டே வாங்கி, சீட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். மைக்கை அணைக்கலாம் என்றால் அவர் மைக்கில் பாடவில்லை. கடைசி ஆயுதம்தான் பாக்கி. பொன்னாடையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு துரைராஜ் அங்கிள் சிரித்தபடி மேடையேறினார். எப்பேர்ப்பட்ட பேச்சாளரும் தோளில் சரிகை விழுந்ததும் கும்பிட்டு இறங்கிவிடுவார். போர்த்தியும் விட்டார். ரெனாட்டோ அதை ராஜா வேஷக்காரர்போல ஒரு பக்கத் தோளில் சுழற்றிப் போட்டுக்கொண்டு, துரைராஜ் அங்கிளின் கையை இறுகப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்தி வைத்து, மூன்றாவது பாட்டைப் பாடினார். கைப்பிடியிலிருந்து தப்ப முடியாமல் தலைவர் பாட்டு முழுக்க அங்கேயே நின்றார். காதலியை இழந்தவன் பாடுகிற பாட்டாம் அது, அதற்குத் தோதான முகம் அவருக்குத் தானாகவே அமைந்திருந்தது. சபை எழுந்து நின்றது. முன்வரிசையில் யாரோ ஒரு மாமா அவர் பெயரைக் கூவினார், பிறகு பலர் கூவினார்கள், அம்மா சொல்லித் தந்தபடியே, சரியாக.

திரும்பி வரும்போது அவர் வண்டியின் முன்சீட்டில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து சீட்டை எடுத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்குப் பொய் வராது. பின்சீட்டிலிருந்து அம்மா அவர் தோளைக் கிள்ளியும் பயனில்லை. நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளவும் என்று எழுதியிருக்கிறது, அந்தத் துணியும் அதற்குத்தான் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

ரெனாட்டோ பெரிதாகச் சிரித்தார். அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்தாலே தெரிந்ததே, அதற்குத் தமிழ் படிக்க வேண்டுமா என்றார். ஒரு ஊரில் பாடும்போதே திரையை இறக்கியிருக்கிறார்கள், இன்னோர் ஊரில் வாத்தியக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள், குளிருக்குப் போர்த்தி அனுப்பியவர்கள் நீங்கள் மட்டும்தான் என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "என் பெயரைச் சொல்லி ஏற்றினார்கள். அதற்கு மேல் இறக்குவது அவர்கள் வேலை, இறங்காமலிருப்பது என் வேலை" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டியாட்டி? மனுசன்னா இப்படி இருக்கணும்" என்று என்னிடம் சொன்னாள். எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற நான் அன்றைக்கு "கேட்டேம்மா" என்றேன்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். அந்த மரவீடு இல்லை, அதை இடித்துவிட்டு ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கோயிலைப் பக்கத்துப் பங்குக் கோயிலோடு சேர்த்துவிட்டார்கள். விழாவுக்கு இப்போது சென்னையிலிருந்து நட்சத்திரங்கள் வருகிறார்கள், ஒலிபெருக்கியை நம்பிப் பாடுகிறார்கள், குறித்த நொடியில் முடிக்கிறார்கள்.

ஆபெரா இசைத்தட்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கும் என் அலுவலக நண்பர் ஒருவர், இணையத்தில் எவ்வளவு தேடியும் இவர் அகப்படவில்லை, ஒரு பதிவுகூட இல்லையென்றால் பெரிதாக ஒன்றும் பாடியிருக்க மாட்டார், இப்படி மறக்கப்பட்டவர்கள் ஆயிரம் பேர் என்று ஆறுதலாகச் சொன்னார். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். ஒருவரை மறந்துவிட்டோம் என்று சொல்வதற்கு முதலில் அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களுக்கு இப்போது சொல்லிவிட்டேன்.