ஒயின் அறைக்கு ஒரு தனி லைன்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்கு மேலே இருந்த ஓட்டலின் பின்சுவரில் முதலில் கண்ணில் பட்டவை, நுரை உறை சுற்றிய இரண்டு செம்புக் குழாய்கள். பக்கத்தில் ஒயருக்காகத் துளைத்த ஓட்டை காலியாக இருந்தது. அந்த வேலைக்குத்தான் என் தம்பியை ஸ்கூட்டரில் கூட்டி வந்திருந்தேன்.

பக்கவாதம் வந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு அவன் ஏற்றுக்கொண்ட முதல் வேலை. நடையும் பேச்சும் திரும்பிவிட்டன. இடது கை தண்ணீர்க் குடத்தைத் தூக்கியது. வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பல வருடம் அந்த ஓட்டலின் வயரிங் முழுக்க அவன் பொறுப்பில் இருந்தது. அவன் படுத்திருந்த மாதங்களில் வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டார்கள். இது சரியாக முடிந்தால் பழையபடி அவனையே கூப்பிடுவதாக ஓட்டலின் மலையாளி இன்ஜினியர் சொல்லியிருந்தார்.

படுக்கை விரிப்புகள் அடுக்கியிருந்த அறையை ஒயின் அறையாக மாற்றியிருந்தார்கள். தம்பி உள்ளே எட்டிப் பார்த்தான். "வீட்ல நமக்கு ஃபேனுதான்க்கா. இங்க குப்பிக்கு ஏசி."

வேலையை வழியிலேயே எனக்கு விளக்கியிருந்தான். ஏசி இயந்திரம் இரண்டு பாகம். ஒன்று அறைக்குள், மற்றது வெளிச்சுவரில். ஓட்டலின் மின்பலகையிலிருந்து தனி பிரேக்கர் வைத்து வெளிப் பாகத்துக்கு ஒரு லைன் வர வேண்டும். அங்கிருந்து மூன்று ஒயர்கள் சுவர் வழியாக உள் பாகத்துக்குப் போக வேண்டும். இந்த மூன்றும் இல்லையென்றால் அறைக்குள் எதுவும் ஓடாது.

சமையலறைக் கூரை நிழலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு திருகையும் முடுக்கியபின் ஒயரை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். கீழே கிரேன்கள் கன்டெய்னர்களை இறக்கிக்கொண்டிருந்தன.

முடிந்தது என்றதும் இன்ஜினியர் வந்து பிரேக்கரைப் போட்டார். வெளிப் பாகத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அறைக்குள் சத்தமே இல்லை. தம்பி டெஸ்டர் வைத்துப் பார்த்தான். கரண்ட் வருகிறது, மெஷினில்தான் கோளாறு, கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள் என்றான். இன்ஜினியர் பிரேக்கரை அணைத்துவிட்டு, வெளிப் பாகத்தில் மூடி திறந்திருந்த ஒயர்ப் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

ஒரே வரிசையில் ஆறு திருகுகள். வலது பக்கம் மூன்றிலும் ஒயர்கள் பிசிறின்றி மாட்டியிருந்தன. இடது பக்கம் மூன்றும் காலி. சுவர் வழியாக அவனே இழுத்து வந்த மூன்று ஒயர்கள் பெட்டியின் இடது ஓரத்தில் தொங்கின.

"எல்லாம் குடுத்தாச்சுல்லா சார்," என்றான் தம்பி, பெட்டியைப் பார்த்தபடியே.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். வீட்டில் அவன் இடது தோள் கதவு நிலையில் இடிப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கால் இன்னும் முழுதாகத் தேறவில்லை என்றுதான் அப்போதெல்லாம் எண்ணியிருந்தேன். இப்போது அருகே போய் அவன் தாடையைப் பிடித்து முகத்தை இடப்பக்கம் திருப்பினேன்.

"இது எப்பம்க்கா இங்க வந்துது?"

முதலிலிருந்தே இருக்கிறது, இடப்பக்கம் இருப்பது உனக்குத் தெரியவில்லை என்றேன்.

"வெயில்ல நின்னு க்ஷீணிச்சு தளர்ந்து போச்சு சேட்டா," என்றார் இன்ஜினியர். "ஒரு சாயா குடிச்சிட்டு வரணும். பின்ன பாக்கலாம்."

தம்பி தன் முகத்தைத் தானே வலமும் இடமுமாக இரண்டு முறை திருப்பிப் பார்த்தான்.

"கரண்டு ஓடுற ஒயரு இந்தப் பக்கம் கெடந்தாலும் நான் இப்படித்தான பாக்காம கைய வைப்பேன்," என்றான். "நான் படுத்திருந்தப்பம் வந்த அந்த ஆளயே கூப்பிடுங்க சார். இனி எப்பவும் அவரையே கூப்பிடுங்க."

பிறகு கருவிகளைப் பையில் போட்டான். இடது பக்கம் கிடந்த கட்டிங் பிளேயரை நான் எடுத்துக் கொடுத்தேன்.

இன்ஜினியர் கூப்பிட்டதும் புதிய எலக்ட்ரீஷியன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். தம்பியை அண்ணாச்சி என்று அழைத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு பெட்டியின் முன் உட்கார்ந்தார். மூன்று ஒயர்களையும் மாட்ட அவருக்கு நான்கு நிமிடம் ஆனது.