நைனாவைப் பற்றி ஒரு வாக்கியம்

செஞ்சி பேருந்து நிலையத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் சிங்கவரத்துப் பெண் ஸ்டெல்லா ஜெர்மன் வாக்கியங்களை முணுமுணுக்கிறாள். நாளை அவளுக்கு ஏ1 என்னும் முதல் படிக்கான பேச்சுத் தேர்வு. தேறினால்தான் ஜெர்மனியில் இருக்கும் கணவனிடம் போக விசா கிடைக்கும். பெயரும் ஊரும் சரளமாக வருகின்றன. குடும்பம், அப்பா என்றதும் நின்றுவிடுகிறாள்.

"மறந்துடுச்சாம்மா?" என்கிறேன்.

"இல்லக்கா. 'எங்க நைனா விவசாயி'ன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். போன மாசம் தவறிட்டாரு. அத சொல்லப் போனா அழுதுடுவேன். உயிரோட இருக்காருன்னே சொன்னா மார்க்கு கொறைப்பாங்களா?"

"மாட்டாங்க. பேச்சத்தான் பாப்பாங்க," என்கிறேன், நிச்சயமாகத் தெரியாமலே.

வண்டி கிளம்பியதும் அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறாள். கடைசி வரை குரல் உடையவில்லை. அதன்பிறகுதான் என் தோளில் சாய்ந்து அழுகிறாள்.